உபகரணம் கொடுக்குமுன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

(மருத்துவ உபகரண உதவித் திட்டத் தொண்டர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டி என்ற கருவி நம் எல்லோருக்கும் அறிமுகமானது. நெபுலைசர், சளி உறிஞ்சும் கருவி, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை என்று பலவும் இன்று வீடுகளுக்கே வந்துவிட்டன. இவை எல்லாம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. நோயாளிக்கு உதவப் போன கருவி அவருக்கே ஷாக் கொடுத்துவிடக் கூடாது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

லேசாக ஷாக் அடித்தால் நாம் கையை உதறி விலகிவிடுவோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரால் முடியுமா? உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையும் ஈரத்துணியும் பட்ட தோல் அப்படித் தடுக்காது. 1 மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 50, 100 என்று போனால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். இதயத்துக்குள் குழாய் செலுத்தப்பட்ட நோயாளிக்கு இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரமே ஆபத்தாகலாம்.

அதனால்தான் மருத்துவக் கருவிகளுக்கென்று ஐஇசி 60601 என்ற சர்வதேசத் தரம் 1977 முதல் இருந்து வருகிறது. இந்தியாவில் அதற்கு இணையானது ஐஎஸ் 13450. பொதுவான கருவிகளில், பழுதில்லாத நிலையில் நோயாளியின் உடல் வழியே கசியும் மின்சாரம் 0.1 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவி என்றால் 0.01தான் வரம்பு.

கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எர்த் கம்பியை நம்பி இருப்பது. மற்றொன்று, இரட்டை மின்காப்பு உள்ளது. பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரம் வரைந்திருந்தால் அது இரண்டாம் வகை. அதற்கு எர்த் தேவையில்லை. வீட்டு எர்த்தை நம்பமுடியாது என்பதால், வீட்டில் பயன்படுத்தும் கருவி இரண்டாம் வகையாகவோ பேட்டரியில் ஓடுவதாகவோ இருக்க வேண்டும் என்று அந்தத் தரத்தின் வீட்டு மருத்துவப் பிரிவு சொல்கிறது.

நம்மூர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் சுவரில் மூன்று துளை இருக்கும். உள்ளே எர்த் கம்பி வந்திருக்காது. விசைத்தறி ஓடும் வீடுகளில் தறிக்குப் போட்ட எர்த்தே வீட்டுக்கும் இருக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். பிளக்கில் தடிமனாக, நீளமாக இருப்பது எர்த் பின். செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் பிரியவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகினாலும் கருவி ஓடும். ஓடுகிறதே என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். பாதுகாப்பு மட்டும் போயிருக்கும்.

“எம்சிபி போட்டிருக்கிறோமே” என்பார்கள். வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. மனிதர் மேல் பாயும் சிறு மின்சாரம் அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் அந்தக் கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று எலெக்ட்ரீசியனிடம் கேளுங்கள். ஆனால் ஆர்சிசிபி விழுந்தால் ஆக்சிஜன் கருவியும் நின்றுவிடும். எனவே அதை நம்பி இருப்பவர் அருகில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே தொண்டர்களே, கருவியை இறக்கிவைக்குமுன் பிளக் பாயிண்டைப் பாருங்கள். எர்த் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியன் சோதிக்கட்டும். வயர் கிழிந்திருந்தால் டேப் சுற்றிக் கொடுக்காதீர்கள், மாற்றிக் கொடுங்கள். திரும்பி வரும் கருவியைச் சோதிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். எர்த் இல்லாத வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். மூச்சுத் திணறுபவர் காத்திருக்க முடியாது. இரட்டைச் சதுரக் குறியுள்ள கருவியோ சிலிண்டரோ முதலில் போகட்டும். எர்த் போடவும் ஆர்சிசிபி மாட்டவும் வசதியில்லாத குடும்பங்களுக்கு, நம் ஸதக்கா நிதியிலிருந்து செலவு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108ஐ அழையுங்கள். இதை வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பகலெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

கொடுத்தவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த அமானத் இந்தக் கருவிகள். வாங்குபவரின் உயிரும் நம்மிடம் அமானத்தான். அல்லாஹ் நம் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.