மாசமா இருக்கும்போது வரும் காய்ச்சல்: காத்திருப்பதுதான் ஆபத்து

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வருகிற வைரஸ் சளி, காய்ச்சல் பற்றித்தான் இந்த எபிசோட். ஃப்ளூ, கொரோனா, ஆர்.எஸ்.வி. என்று மூன்று வைரஸ்களைப் பார்க்கப் போறோம். முதல்லயே சொல்லிடறேன், நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதுகிற ஆள். எந்த மருந்து சாப்பிடணும் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்க டாக்டரிடம் எதை, எவ்வளவு சீக்கிரம் கேட்கணும் என்பதைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு நேயர் அனுப்பின கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம். "என் தங்கச்சிக்கு ஏழாவது மாசம். ரெண்டு நாளா காய்ச்சல், இருமல். மாசமா இருக்கிறவளுக்கு மாத்திரை வேண்டாம், கஷாயம் குடிச்சா போதும்னு அம்மா சொல்றாங்க. நாலு நாள் பார்த்துட்டு ஆஸ்பத்திரி போகலாமா?"

அம்மா சொல்வதில் அக்கறை இருக்கு. ஆனால் அந்த 'நாலு நாள் பார்க்கலாம்' என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

எங்க துறையில் ஒரு கணக்கு உண்டு. சாதாரண நாளில் ஒரு சர்வர் 40 சதவீத சுமையில் ஓடுது என்றால், திடீரென்று கூட்டம் வந்தாலும் தாங்கும். அதே சர்வர் தினமும் 85 சதவீதத்தில் ஓடினால், சின்னக் கூட்டத்துக்கே படுத்துவிடும். சர்வரில் கோளாறு எதுவும் இல்லை, மிச்ச இடம் இல்லை, அவ்வளவுதான்.

கர்ப்பிணியின் உடம்பும் அப்படித்தான். கடைசி மாதங்களில் கருப்பை உதரவிதானத்தைச் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளுகிறது. மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்று ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ 20 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் வழக்கத்தைவிட 30 முதல் 50 சதவீதம் அதிக ரத்தத்தை இறைக்கிறது. குழந்தையை அந்நியப் பொருள் என்று தாக்கிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு முறையும் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆரோக்கியமான பெண்ணுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. ஆனால் நுரையீரலைத் தாக்கும் வைரஸ் வந்தால் சமாளிக்க மிச்ச இடம் குறைவு. மற்றவர்களுக்குப் படிப்படியாக மோசமாகிற காய்ச்சல், கர்ப்பிணிக்குச் சட்டென்று நிமோனியாவாக மாறக் காரணம் இதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அம்மாவின் ஆக்சிஜன்தான் ஆக்சிஜன். அதனால்தான் கடுமையான ஃப்ளூவிலும் கொரோனாவிலும் குறைமாதப் பிரசவம் அதிகமாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1918 பெருந்தொற்றின்போது ஃப்ளூ வந்த 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களை ஜான் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொகுத்து 1919-இல் வெளியிட்டார். அவர்களில் பாதிப் பேருக்கு நிமோனியா. 27 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். அப்போது ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை என்று நீங்க சொல்லலாம். சரி, 2009-க்கு வருவோம். எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம்.

அடுத்து நம்ம நாடு, கொரோனா. மகாராஷ்டிர அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து ஐ.சி.எம்.ஆர். ஒரு பதிவேடு நடத்தியது. கர்ப்பிணிகளும் பிரசவமான பெண்களுமாக 1,530 பேரின் விவரத்தை முதல் அலை, இரண்டாம் அலை என்று பிரித்துப் பார்த்தார்கள். அறிகுறியோடு வந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். இறப்பு 0.7 சதவீதத்தில் இருந்து 5.7 சதவீதமாக உயர்ந்தது.

அந்த நேரத்தில் தடுப்பூசி நிலவரம் என்ன? 2021 ஜனவரி 16-இல் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்று வைத்தார்கள், ஏனென்றால் முதல்கட்டப் பரிசோதனைகளில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு மே 1-இல் கதவு திறந்தது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது ஜூலை 2-இல். அதாவது, அதே வயதுப் பெண்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத்தான் இவர்கள் நிற்க முடிந்தது. இரண்டாம் அலையின் உச்சம் அதற்குள் கடந்துவிட்டது. டெல்டா வைரஸே கடுமையானது, எல்லா இறப்பையும் இந்தத் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒன்று புரியுது. 'கர்ப்பிணி, அதனால் எதுவும் வேண்டாம்' என்பது பாதுகாப்பான முடிவு மாதிரி தெரிகிறது. அந்த முடிவுக்கும் ஒரு விலை உண்டு.

சரி, பிரசவம் ஆயிடுச்சு, இனி பயமில்லையா? நம்ம வீடுகளில் 'பச்சை உடம்பு' என்று சொல்வோம் இல்லையா, அந்தச் சொல்லில் அர்த்தம் இருக்கு. குழந்தை பிறந்த அன்றே உடம்பு பழையபடி ஆகிவிடாது. ஃப்ளூ விஷயத்தில், பிரசவமாகி இரண்டு வாரம் வரை பெண்களை அதிக ஆபத்துள்ளவர்களாகவே மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் அதிகம், கொரோனா மாதிரி தொற்று அதை இன்னும் கூட்டும். பிரசவமான பெண் மூச்சு வாங்குது என்று சொன்னால், 'தூக்கம் இல்லை, அசதி' என்று விடக் கூடாது.

இப்போ குழந்தை. பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மிகவும் குறுகல். கொஞ்சம் சளி அடைத்தாலே திணறும். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷம்தான். ஆனால் 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் அதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் 45,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தைகள். பெரும்பாலானவர்கள் நம்மைப் போன்ற நாடுகளில்.

ஆறு மாதம் வரை குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்த இடைவெளியை யார் நிரப்புவது? அம்மாதான். அம்மாவுக்குப் போட்ட தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன, கடைசி மூன்று மாதங்களில் அதிகமாக. வங்காளதேசத்தின் டாக்காவில் 340 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஃப்ளூ தடுப்பூசி, இன்னொரு குழுவுக்கு நிமோனியாவுக்கான வேறு தடுப்பூசி. ஃப்ளூ ஊசி போட்ட அம்மாக்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவு. ஊசி போட்டது அம்மாவுக்கு, பலன் குழந்தைக்கும் சேர்த்து.

2012-இலேயே உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கு என்று சொல்லிவிட்டது. கர்ப்பிணிக்குப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி. மூக்கில் அடிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்து கர்ப்ப காலத்தில் கூடாது. ஆர்.எஸ்.வி.க்கும் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 32 முதல் 36 வாரத்துக்குள் அங்கே போடுகிறார்கள். நம்ம ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குப் போடுவது டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டி.டி. ஊசி. ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. அதனால் யாரும் தானாக வந்து சொல்லாமல் போகலாம். நீங்கதான் கேட்கணும்.

இப்போ அந்த நேயரின் கேள்விக்கு வருவோம். நாலு நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்கே போங்க. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கு, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். இரண்டு நாள் கடந்திருந்தாலும் டாக்டர் தேவை என்று பார்த்தால் கொடுப்பார். கஷாயம் குடிப்பது உங்க விருப்பம், ஆனால் அது குடிக்கிற நேரத்திலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. காய்ச்சலையும் குறைக்கணும், அதற்குப் பொதுவாகப் பாராசிட்டமால் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

எப்போது 108-ஐக் கூப்பிடணும்? அம்மாவுக்கு: பேசும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், மனக்குழப்பம் தெரிந்தால். பிரசவமானவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு: நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலமானால், காய்ச்சல் அடித்தாலோ உடம்பு சில்லிட்டுப் போனாலோ.

அம்மாவுக்குச் சளி பிடித்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். அந்தப் பாலிலும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கு.

கடைசியா, குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமல் இருந்தால் போகாதீங்க. பத்து நாள் கழித்துப் போனாலும் குழந்தை அங்கேதான் இருக்கும். அதை வாய் திறந்து சொல்ல வேண்டிய ஆள் பெற்றவள் இல்லை. சொந்தக்காரர்களிடம் 'குழந்தையை முத்தாதீங்க' என்று அவள் சொன்னால் திமிர் என்பார்கள். கணவனோ மாமியாரோ சொன்னால் அது வீட்டு ஒழுங்கு.

உங்க வீட்டில் யாராவது மாசமா இருந்தால் இந்த எபிசோடை அவங்களுக்கு மட்டுமில்லாமல், அவங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அனுப்புங்க. கேள்வி இருந்தால் எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.