தாயின் குருதியில் சிசுவின் குருதி: அளந்தறிவது ஏன்?

பல்லரோவிலும் அயல் வீதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான சுகாதார உரை



கருவுற்ற பெண் ஒருவர் குடும்ப நல நிலையமான கொன்சுல்தோரியோவுக்கோ வைத்தியசாலைக்கோ முதன்முறை செல்லும்போது அவருடைய குருதிவகை பரிசோதிக்கப்படுகின்றது. அப்பரிசோதனைத் தாளில் குருதிவகையை அடுத்து ‘நெகற்றிவ்’ என்ற சொல் காணப்படலாம். ஐரோப்பியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் றீசஸ் நெகற்றிவ் வகையினர். இலங்கையில் இத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 5 ஆகும். ஆகவே சிசிலி வைத்தியர்களுக்கு நாளாந்தம் பழகிய இவ்விடயம், பல தமிழ்ப் பெண்களுக்குத் தாயோ பெரியம்மாவோ ஒருபோதும் சொல்லிக் கேட்டிராத செய்தியாக இருக்கின்றது. இவ்வுரை முதன்மையாக அத்தகைய தாய்மாருக்குரியது.

தாயின் குருதியும் சிசுவின் குருதியும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடினும் பொதுவாக ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனினும் பிரசவத்தின்போதும், சிலவேளை அதற்கு முன்னரும், சிசுவின் குருதியிற் சிறிதளவு தாயின் உடலுட் புகுகின்றது. தாய் நெகற்றிவ் வகையினராகவும் சிசு பொசிற்றிவ் வகையினதாகவும் இருப்பின், தாயின் உடல் அக்கலங்களை அந்நியப் பொருளாகக் கருதி அவற்றை அழிக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கக்கூடும். இவை மெதுவாகவே உருவாவதால் முதற் பிள்ளைக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆபத்து அடுத்த பிள்ளைக்கே. அப்பிள்ளையும் பொசிற்றிவ் வகையினதாயின், அப்பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று அதன் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. கடும் குருதிச்சோகை, கடும் மஞ்சட்காமாலை, சிலவேளை கருவிலேயே மரணம் என்பன அதன் விளைவுகள்.

இதனைத் தடுக்கும் மருந்து உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயோர்க்கிலும் 1960களில் ஆய்வாளர்கள் தனித்தனியே முயன்று ‘அன்ரி-டி’ ஊசிமருந்தை உருவாக்கினர். அமெரிக்காவில் அது 1968 இல் அனுமதி பெற்றது. தாயின் உடல் எதிர்ப்பைத் தொடங்குமுன் சிசுவின் கலங்களை அகற்றிவிடுவதே அதன் பணி. இத்தாலியில் நெகற்றிவ் தாய்மாருக்கு 28 ஆம் வாரமளவில் ஒரு முறையும், பிறந்த பிள்ளை பொசிற்றிவ் எனின் பிரசவத்தின் பின் 72 மணித்தியாலங்களுக்குள் இன்னொரு முறையும் இது ஏற்றப்படுகின்றது. பிறபொருளெதிரிகள் ஏற்கெனவே உருவாகிவிட்ட தாய்க்கு இம்மருந்தாற் பயனில்லை. அதனை முற்கூட்டி அறியவே ‘கூம்ஸ்’ என்னும் குருதிப் பரிசோதனை கர்ப்பகாலத்தில் மீண்டும் செய்யப்படுகின்றது.

ஒரு ஊசி எல்லாத் தாய்மாருக்கும் போதுமா? இவ்விடத்திலேயே ஆய்வுகூடத்தின் பணி தொடங்குகின்றது. 300 மைக்கிரோகிராம் கொண்ட ஓர் ஊசி, ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் சிசுக்குருதிக்கு ஈடுகொடுக்கும். அதனினும் மிகுதியாகக் குருதி கலந்திருப்பின் அவ்வூசி போதாது. எவ்வளவு கலந்தது என்பதை அறியும் முறையை 1957 இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிளைஹவர், பிறவுன், பெற்கே ஆகிய மூவர் வெளியிட்டனர். பிரசவத்தின் பின் தாயிடமிருந்து பெறப்படும் குருதித்துளி கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசப்பட்டு, அமிலக் கரைசலில் இடப்படும். வளர்ந்தோரின் ஈமோகுளோபின் அமிலத்திற் கரைந்து வெளியேற, தாயின் கலங்கள் வெளிறிய வெற்றுக்கூடுகளாகின்றன. சிசுவின் ஈமோகுளோபினோ அமிலத்தைத் தாங்கி நிற்கும். சாயமிட்டதும் சிசுவின் கலங்கள் மாத்திரம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அவற்றை ஆய்வுகூடப் பணியாளர் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணுவர்.

எடுத்துக்காட்டாக, 2000 கலங்களில் 8 சிசுவினவை எனில் அது நூற்றுக்கு 0.4 ஆகும். தாயின் குருதி 5000 மில்லிலீற்றர் எனக் கொண்டால் 20 மில்லிலீற்றர் சிசுக்குருதி புகுந்துள்ளது. ஓர் ஊசி போதும். 2000 இல் 24 எனில் 60 மில்லிலீற்றர். ஓர் ஊசி போதாது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதலும் வயிற்றில் அடிபடுதலும் இக்கலப்பை மிகுவிக்கலாம். ஆயினும் யாதொரு காரணமும் புலப்படாமலேயே பெருமளவு குருதி கலப்பதும் உண்டு. ஆகையால் சுகப்பிரசவம் ஆயிற்று என்பதனால் இப்பரிசோதனை வேண்டாததாகிவிடாது.

இச்சிசிலித் தீவில் இப்பரிசோதனைக்கு மேலும் ஒரு கவனம் வேண்டப்படுகின்றது. இங்கு தலசீமியாவைத் தாங்குவோர் மிகுதி. மருத்துவ நூல்களில் ‘சிசிலி வகை’ என்றே பெயர்பெற்ற தலசீமியா ஒன்றும் உண்டு. அத்தகையோர் சிலரின் குருதியில் சிசுவுக்குரிய ஈமோகுளோபின் வளர்ந்த பின்னும் எஞ்சி நிற்கின்றது. அவர்களுடைய சொந்தக் கலங்களே தகட்டில் சிவந்து தோன்றி, எண்ணிக்கையைப் பிழையாக உயர்த்திவிடலாம். இலங்கையிலும் தலசீமியா உள்ளமையால் தமிழ்த் தாய்மாரும் இதற்கு விலக்கல்லர். குடும்பத்தில் எவருக்கேனும் அது இருப்பின் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். சொன்னால், கலங்களை அவற்றின் றீசஸ் வகை கொண்டே பிரித்தெண்ணும் கருவியின் துணையை ஆய்வுகூடம் நாடும்.

இயந்திரம் அறியாததும் தாய் மட்டுமே அறிந்ததுமான செய்திகளும் உண்டு. ஊரிலோ வேறு நாட்டிலோ முன்னர் நிகழ்ந்த கருச்சிதைவு, குருதி ஏற்றப்பட்டமை, வீட்டில் வழுக்கி விழுந்தமை, வயிற்றில் விழுந்த அடி ஆகியவை அவை. பல குடும்பங்களில் தாய்க்கு இத்தாலிய மொழி கைவராததால் பள்ளி செல்லும் மகளோ மகனோ வைத்தியர் முன் மொழிபெயர்க்கின்றனர். பிள்ளையின் முன்னிலையில் தாய் கருச்சிதைவைப் பற்றி வாய்திறவாள். கணவரின் நண்பர் முன்னிலையில் அடிபட்டதைச் சொல்லாள். அவள் மறைத்த அச்சொல்லின் விலையை அடுத்த பிள்ளை செலுத்த நேரலாம். ஆதலின் ‘மெதியாத்தோரே’ எனப்படும் கலாசார இடைத்தொடர்பாளரை வேண்டிக் கேட்க வேண்டும். தாய் தனியே பேச விரும்புவதாகக் கூறுவதிலும் தவறில்லை. வைத்தியர் அறிந்த இரகசியத்தை நியாயமான காரணமின்றி வெளியிடுவது இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 622 ஆம் உறுப்புரையின்படி குற்றமாகும்.

வதிவிட அனுமதியான சொஜ்ஜோர்னோ இல்லை என்பதும் தயங்குவதற்குக் காரணமாகாது. 1998 ஆம் ஆண்டின் 286 ஆம் இலக்கக் குடிவரவுச் சட்டத்தின் 35 ஆம் உறுப்புரை, கர்ப்பகாலத்திலும் மகப்பேற்றிலும் இத்தாலியப் பெண்களுக்குரிய பராமரிப்பையே அனுமதியற்ற பெண்களுக்கும் உறுதிசெய்கின்றது. சிகிச்சை நாடி வந்தவரை அதிகாரிகளுக்கு அறிவித்தலையும் அது தடைசெய்கின்றது. இத்தாலியக் குடிமக்கள் விடயத்திலும் அறிக்கையிடுதல் கட்டாயமான சந்தர்ப்பங்கள் மாத்திரம் இதற்குப் புறநடை.

ஆகவே ஒவ்வொரு தாயும் தன் குருதிவகையை அறிந்து, அத்தாளைக் கைப்பையில் வைத்திருத்தல் நன்று. நெகற்றிவ் தாய்க்குக் கர்ப்பகாலத்தில் குருதிப்போக்கோ வயிற்றில் அடியோ கருச்சிதைவோ ஏற்படின், அன்றே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். 72 மணித்தியாலக் கணக்கு அந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றது. குருதிவகை எதுவாயினும், சிசுவின் அசைவு குறைந்தால் மறுநாள்வரை காத்திருத்தலாகாது; சிசு தன் குருதியைத் தாயின் உடலுள் இழந்துகொண்டிருப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். பிரசவத்தின் பின் வீடு திரும்புமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: பிள்ளையின் குருதிவகை யாது? கலந்த குருதி அளக்கப்பட்டதா? கொடுக்கப்பட்ட ஊசி அவ்வளவுக்குப் போதுமா?

செப்டெம்பரில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவிடம் பிள்ளை வரம் வேண்டும் தமிழ்த் தாய்மார் பலர். வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு ஒரு தம்பியோ தங்கையோ நலமாய்ப் பிறக்க, இம்மூன்று வினாக்களும் துணைநிற்கும்.