ஆட்டம் இப்போது எந்த நிலையில்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘காட்சித் தொடர்பு’ அலகில் ஸ்கிராச் மென்பொருள் வருகிறது. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி விளையாட்டு உருவாக்கலாம். ஆனால், ‘ஆட்டம் முடிந்தது’ என்று திரையில் வந்த பிறகும் மதிப்பெண் ஏறிக்கொண்டே இருப்பதை மாணவர் படைப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நிரலுக்கு யாரும் சொல்லாததே காரணம்.

இதை விளக்க எங்கள் அச்சன்புதூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்துக் குற்றாலமே போதும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. வரத்து குறைந்தால் அனுமதி. துண்டோடு வருபவர் அதே ஆள்தான். அவர் உள்ளே போகலாமா என்பதை நிலைதான் முடிவு செய்கிறது. 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. நிலை மாறியதை எல்லோரும் உடனே அறிய வேண்டும் என்பதை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே, அருவி விளையாட்டு ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். அனுமதி நேரத்தில் குளித்தால் மதிப்பெண். தடை வந்ததும் கரையேறாவிட்டால் ஆட்டம் முடிவு. நிரலுக்கு மூன்று விதிகள்.

ஒன்று, ‘நிலை’ என்று ஒரே ஒரு மாறி. அதன் மதிப்பு தொடக்கம், அனுமதி, தடை, முடிவு ஆகிய நான்கில் ஒன்று. அனுமதிக்கு ஒரு மாறி, தடைக்கு ஒரு மாறி என்று வைத்தால், இரண்டுமே ‘ஆம்’ ஆகிவிடக்கூடும்.

இரண்டு, நிலையை மாற்றும் பொறுப்பு மேடைக்குரிய நிரலுக்கு மட்டுமே. அது நிலையை மாற்றிவிட்டுச் செய்தியைப் பரப்பும். மற்ற உருவங்கள் அதைக் கேட்டு நடக்கும். மதிப்பெண் கூட்டுமுன் நிலை ‘அனுமதி’தானா என்று பார்த்துக்கொள்ளும்.

மூன்று, பச்சைக்கொடியை அழுத்தியதும் நிலை ‘தொடக்கம்’, மதிப்பெண் 0 என்று வைக்க வேண்டும். இல்லையெனில், மாறிகளில் பழைய ஆட்டத்தின் மதிப்பே தங்கியிருக்கும்.

கணினியைத் தொடுமுன் தாளில் நான்கு வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். எதிலிருந்து எதற்கு, எப்போது போகலாம் என்று அம்புக்குறி இடட்டும். ‘முடிவு’ வட்டத்திலிருந்து ‘அனுமதி’க்கு நேரே அம்பு போடலாமா? பிள்ளைகள் அதை வாதாடித் தீர்க்கட்டும். நாளை யூனிட்டி, கோடோ போன்ற பெரிய விளையாட்டு இயந்திரங்களுக்குப் போனாலும் இதே தாள் உதவும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்குக் கணினியே வேண்டாம், கபடி போதும். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திய பிறகு தொட்டால் ஏன் ‘அவுட்’ இல்லை என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் குழந்தை நிரலின் முதல் வரியைச் சொல்லிவிட்டது.