பிரஷர் மாத்திரையும் மனசுக்கான மாத்திரையும்
(கரியாஹாட்டில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இங்கே பாதிப் பேர் தூக்குவோம். மனசுக்குச் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒரு கையும் எழாது. போன வருஷம் வரை என் கையும் எழுந்ததில்லை. இன்று தூக்குகிறேன்.

என் சகதர்மிணி காலமான பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. நண்பர் ஒருவர் தமக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் நாலு கொடுத்தார். அதே பெயரைச் சொல்லி, டாக்டர் சீட்டு இல்லாமலே இரண்டு வருஷம் கடையில் வாங்கினேன். அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி! ஒரு நாள் விடியற்காலை பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோதுதான் பிள்ளைக்கு விஷயம் தெரிந்தது. "ஏம்ப்பா சொல்லலை?" என்றான். பேத்திக்கு வரன் பார்க்கும் சமயம். நாலு பேர் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயந்திருந்தேன்.

1931-ல் இதே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் சர்ப்பகந்தா வேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சித்தப்பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அந்த ஒரே வேர் மருந்தாகிறது என்பதே அதன் சாரம். 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெஸர்பினைப் பிரித்தெடுத்தது. வேர் ஒன்றுதான். ஒரு வியாதிக்குச் சாப்பிட்டால் கௌரவம், மற்றொன்றுக்கு என்றால் அவமானமா? அதே ரெஸர்பின் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதாகவும் அந்த நாளிலேயே டாக்டர்கள் எழுதினார்கள். எந்த மருந்தானாலும் கண்காணிக்க ஒருவர் வேண்டும்.

யாரிடம் போவது? மருந்து எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பெற்றவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சின் மூலம் சிகிச்சை தருபவர், மருந்து எழுதமாட்டார். படிப்பையும் பதிவையும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆயுர்வேதம் உட்பட, சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். தைராய்டு போன்ற உடல் காரணங்களைப் பார்க்கிறாரா, மருந்து எதற்கு, எத்தனை நாள், பக்க விளைவு என்ன என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். இல்லையேல் வேறொருவரிடம் போகலாம்.

மனச்சோர்வு மருந்தின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். இரண்டாம் நாளே "பிரயோஜனமில்லை" என்றோ, குணமானதும் "இனி எதற்கு" என்றோ நாமாக நிறுத்தக் கூடாது. அல்ப்ரஸோலம், ஸோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணையில் உள்ளன. சீட்டு வேண்டும், கடைக்காரர் பதிவேட்டிலும் எழுத வேண்டும். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நெடுநாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எனக்கு டாக்டர் ஐந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உள்ளே இருந்த மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து தந்தார். அதை இன்றும் சாப்பிடுகிறேன்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

வரன் வீட்டாரிடம் விஷயத்தை நானே சொன்னேன். "இதிலென்ன மாமா இருக்கு" என்றார்கள். கல்யாணம் நடந்தது. நான் பயந்த இரண்டு வருஷம்தான் நஷ்டம். உங்களில் யாருக்கும் அந்த நஷ்டம் வேண்டாம்.