இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை தொடங்கி மாசி பிறக்கும்வரை எங்கள் காய்ச்சல் வார்டில் ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் இல்லாத வாரம் அரிது. விறகு பொறுக்கப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், களையெடுத்தவர்கள் இப்படி வருகிறார்கள். புதர்களில் வாழும் ஒருவகை உண்ணியின் குஞ்சு கடித்து, 'ஓரியன்ஷியா சுட்சுகமுஷி' என்ற கிருமி உடலுக்குள் புகுகிறது. 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் காணும். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் நின்ற படைவீரரை வாட்டியதும் இதுவே.

கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ மறைந்திருக்கும். நம் தாய்மார் கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார்கள். திரையை இழுத்துவிட்டுப் பொறுமையாகத் தேடிப் பார்க்கும் செவிலியர் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கிருமி சிறு இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். மண்ணீரல் வீங்குவதுண்டு. மிக அரிதாக, குழாய் அடைபட்டு மண்ணீரலின் ஒரு பகுதி இரத்தமின்றிச் செத்துப்போகும். அதைவிட அரிதாக, வீங்கிய மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். இடது விலாவுக்குக் கீழே வலி, சிலருக்கு இடது தோளிலும் வலி, முகம் வெளுத்தல், நாடி ஓட்டம், இவையே அடையாளம்.

எங்களை அழைப்பது பெரும்பாலும் அந்த வேளையில்தான். "காய்ச்சல் இறங்கிப்போச்சே ஐயா, இங்கே இருந்தா கூலி போகுது, அனுப்பிவிடுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகிலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்குமட்டும் இருங்கள் என்று கட்டிலருகே உட்கார்ந்து கெஞ்சுகிறோம். பகுதி செத்திருந்தால் பெரும்பாலும் மருந்தும் ஓய்வும் போதும். கிழிந்திருந்தால் இரத்தம் ஏற்றவேண்டும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டும். சொந்தக்காரர்களோ இரத்தம் கொடுத்தால் பலம் போய்விடும் என்று வராந்தாவின் கடைசிக்கு நகர்ந்துவிடுவார்கள்!

மண்ணீரலை எடுத்துவிட்டால் நிமோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்குத் தடுப்பூசி போடவேண்டும். பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடிவரவேண்டும், ஆயுள்முழுவதும். கூலிக்காரர் கையில் அந்த ஊசிக்குப் பணம் இராது. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

சிகிச்சை இருக்கிறது. டாக்சிசைக்ளின் விலை மலிந்த மருந்துதான். நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. ஆனால் நாள் கடந்து வருகிறவர்களுக்கு அந்த மருந்தும் திணறுகிறது.

கூட்டம் முடிந்ததும் பக்கவாசல் அருகே ஒரு மேசை போட்டிருக்கும். உங்கள் பெயரையும் இரத்த வகையையும் அங்கே எழுதிக்கொடுத்துவிட்டுத் தேநீருக்கு வாருங்கள்.