பகற்கொசுவும் மருந்தேற்றிய உடையும்



ஆண்டு விழா மேடையில் சிலம்பையும் குறளையும் பேசுவதே மரபு. நாமோ கொசுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இத்தீவுகளின் வரலாற்றில் கொசுவுக்குரிய இடம் சிறியதன்று. 1789-இல் ஆங்கிலேயர் இங்கு அமைத்த முதற் குடியிருப்பு, பின்னர் வடக்கே பெயர்க்கப்பட்டு, நோயும் சாவும் தாளாமல் 1796-இல் கைவிடப்பட்டது. 1858-இல் கைதிகளின் குடியேற்றம் எழுந்தபோதும் மலேரியா உடன் வந்தது. அதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்னும் இந்திய மருத்துவப் பணி அலுவலரின் அறிக்கை 1912-இல் வெளியாயிற்று. இங்கே மலேரியாவைப் பரப்புவது கடலோர உவர்நீரில் பிறக்கும் அனோபிலிஸ் கொசு. 2004 ஆழிப்பேரலையில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தேங்கியபோது அதற்கு இடம் பெருகிற்று.

அந்தக் கிறிஸ்டோபர்ஸே முப்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை கேம்பிரிட்ஜில் கொசுவிரட்டி மருந்துகளைப் பற்றிய ஆய்வை நடத்தினார். கொசுவைப் பிறக்கும் இடத்தில் அழிப்பது மட்டும் போதாது, அது தேடி வரும் உடலையும் காக்கவேண்டும் என்னும் எண்ணம் அன்றே வலுப்பெற்றிருந்தது.

அனோபிலிஸ் இரவில் கடிப்பது. அதற்கு வலை உண்டு. மருந்தேற்றிய வலையும் உண்டு. பகலில் கடிக்கும் கொசுவுக்கு யாது செய்வது? டெங்குவையும், 2006-இல் இத்தீவுகளை முடக்கிய சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பட்டப்பகலில் வருவது. பயணச்சீட்டு முன்பதிவுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் நம் கணுக்காலை அது மேசைக்கடியில் தேடிப் பிடிக்கிறது. அங்கே வலை கட்டிக்கொண்டு அலுவல் பார்க்க இயலுமா?

நான்கௌரித் தீவுக்கூட்டத்தின் நிலை இன்னும் வேறு. தாயகத்தில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இரவில் கடிப்பது. நோயாளியின் இரத்தத்தில் நுண்புழு தோன்றுவதும் இரவிலேதான். நான்கௌரியிலோ அப்புழு இரத்தத்தில் பகலில் மிகுந்து ஓடுகிறது. அதைப் பரப்புவது மரப்பொந்து நீரில் பிறந்து பகலில் கடிக்கும் காட்டுக்கொசு. அக்கூட்டத்தைச் சேர்ந்ததே கச்சால் தீவு. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, இரப்பர்த் தோட்ட வேலைக்கென்று குடியேற்றப்பட்ட மண் அது. இரப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் அதுவே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஆகவே இரப்பரோ பாக்கோ தென்னையோ, காட்டோரத்தில் பகலெல்லாம் நின்று உழைப்பவருக்கு வலையால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு அரண் அவர் உடுத்தும் உடையே.

மருந்தேற்றிய உடை என்பது யாது? சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் சாற்றைப் பின்பற்றி, 1973-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பெர்மெத்ரின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. துணியில் ஏற்றினால் அது இழையோடு பற்றிக்கொள்கிறது. உலர்ந்தபின் மணமில்லை, கறையில்லை. அதன்மேல் வந்தமரும் கொசுவின் கால் வழியே மருந்து ஏறி, கொசு விழுகிறது, அல்லது கடியாமல் அகல்கிறது. அமெரிக்கப் படையினரின் சீருடை இவ்வாறு மருந்தேற்றப்படுகிறது.

ஆயினும் படைவீரன் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியிருக்கிறான். நாம் கைலியை மடித்துக் கட்டுகிறோம். துணி மறைக்காத தோலுக்கு அம்மருந்தால் காப்பு மிகக் குறைவு. நம் சலவையும் பெருந்தடை. கல்லில் அடித்து, வெயிலில் காயவைத்து, சூடாகப் பெட்டி போடுகிறோம். மூன்றும் மருந்தைக் குறைப்பவை. 2012-இல் தாய்லாந்தில் பத்துப் பள்ளிகளில், ஏறத்தாழ 1,800 மாணவரைக் கொண்டு இதைச் சோதித்தனர். மருந்தேற்றிய சீருடையால் வகுப்பறைக் கொசு தொடக்கத்தில் குறைந்தது. சலவையில் மருந்து விரைவில் கரைந்துபோக, முடிவில் டெங்கு குறையவில்லை.

ஆதலின் நகரத்தார் இதை நம்பித் தகரடப்பாவையும் பழைய டயரையும் முற்றத்தில் விட்டுவைத்தல் தகாது. காட்டோரத் தொழிலாளிக்கோ இது தேவை. முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் இரண்டிரண்டு வேண்டும்; ஆலையிலேயே மருந்தேற்றியவையாயின் நன்று. வேலைக்கு மட்டும் உடுத்தி, தனியே மெல்ல அலசி, நிழலில் உலர்த்தல் வேண்டும். அலசிய நீரை ஓடையில் விடலாகாது. மீனுக்கு அது நஞ்சு. ஈரம் உலராத துணியைப் பூனை நெருங்கலாகாது. முகத்துக்கும் கைக்கும் விரட்டிக் களிம்பு தனியே பூசவேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை வாளியில் கரைத்துச் சட்டையை முக்குவது உயிரோடு விளையாடுவது.

இச்செலவைக் கூலிக்காரரின் தலையில் சுமத்துவது முறையன்று. மண்வெட்டி கொடுக்கும் முதலாளியே உடையையும் கொடுக்கவேண்டும். அவர் கொடுக்கும் வரையில், பொங்கல்தோறும் நம் சங்கம் வழங்கும் வேட்டி சேலைத் தொகையில் ஒரு பாதியை இதற்கு ஒதுக்கலாகாதா? மே மாதம் மழை இறங்குமுன் துணி கப்பலேறவேண்டும். செயற்குழுவினர் இன்றே அளவெடுக்கத் தொடங்குவார்களாயின், பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.