ஓர் அட்டையில் இரண்டு பெயர்



"கூட்டு முயற்சியில் தனித்திறன் மறைந்துவிடுமா?" என்பது இன்றைய கேள்வி. மறையாது என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் கிட்டார் கலைஞர் பேட் மெத்தினியும் கீபோர்டு கலைஞர் லைல் மேய்ஸும் சேர்ந்து உருவாக்கிய இசைத்தட்டு அது. 1981ஆம் ஆண்டில் ஜெர்மனியின் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. 'ஆஸ் ஃபால்ஸ் விச்சிட்டா, ஸோ ஃபால்ஸ் விச்சிட்டா ஃபால்ஸ்' என்பது அதன் நீண்ட பெயர். ஜாஸ் இசையோடு மின்னிசைக் கருவிகளும் பிரேசில் நாட்டுத் தாளமும் கலந்த படைப்பு.

அப்போது இருவரும் வாசித்துவந்த குழுவுக்கு 'பேட் மெத்தினி குரூப்' என்று பெயர். பாடல்கள் பலவற்றை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். ஆனால் குழுவுக்கு ஒருவர் பெயர்தான். கூட்டு என்றாலே நமக்கு வரும் அச்சமும் இதுதானே? இந்த இசைத்தட்டின் அட்டையிலோ இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கின்றன.

பெயரில் மட்டுமா சமம்? முதல் பக்கம் முழுவதும் ஒரே படைப்பு. 20 நிமிடத்துக்கும் அதிகம். கிட்டார் கலைஞர் விரல் வேகத்தைக் காட்டுவார் என்று நாம் காத்திருப்போம். மெத்தினி பேஸ் கிட்டாரையும் தாமே வாசித்து அடித்தளம் போடுகிறார். அதன்மேல் மேய்ஸின் சிந்தசைசர் மெல்ல மெல்ல எழுகிறது. பிரேசில் கலைஞர் நானா வாஸ்கொன்செலோஸ் தாளத்தோடு குரலும் தருகிறார். மூன்றே பேர்தான். கேட்பவருக்கோ பெரிய வாத்தியக் குழுவே வாசிப்பதுபோல் இருக்கும்.

மறுபக்கத்தில் 'ஓசார்க்' என்ற படைப்பில் மேய்ஸின் பியானோ துள்ளி ஓடுகிறது. மெத்தினியின் கிட்டார் பின்னால் நின்று தாங்குகிறது. விட்டுக்கொடுத்தவர் அங்கே சிறுத்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980 செப்டம்பரில் நார்வே தலைநகர் ஆஸ்லோவில் இதன் ஒலிப்பதிவு நடந்தது. அதே மாதம் 15ஆம் தேதி, பியானோ மேதை பில் எவன்ஸ் தம் 51ஆவது வயதில் காலமானார். அவருக்குக் காணிக்கையாக அமைந்த படைப்புக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்தார்கள். கிட்டாரும் பியானோவும் அதில் போட்டி போடவில்லை. ஒரே துக்கத்தை இரண்டு பேர் மாறி மாறிச் சொல்வதுபோல் இருக்கிறது.

மேய்ஸ் 2020 பிப்ரவரியில் தம் 66ஆவது வயதில் மறைந்தார். இந்த இசைத்தட்டைக் கேட்டால், அவர் இல்லாமல் இந்த இசை இல்லை என்பது எவருக்கும் விளங்கும்.

நாம் பிள்ளைகளைக் கிட்டார் வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் அனுப்புகிறோம். மேடையில் தனியாக வாசித்தால் கைதட்டுகிறோம். அடுத்தவர் வாசிக்கும்போது பொறுமையாகக் கேட்டு, அவருக்குத் துணையாக வாசிக்கக் கற்றுத்தருகிறோமா? அதுவும் திறமைதான், பெற்றோர்களே.